மின்னல் குழாயின் முதல் பயணி

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான சாதனை, அதிவேகக் குழாய்ப் போக்குவரத்து வாரியம்தான். காற்றை உறிஞ்சிவிட்ட குழாய்க்குள் மணிக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் மனிதர்கள் பறப்பார்கள். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் வாரியம் 'பரிசீலித்து' வருகிறது.

வாரியத்தின் மொத்த உந்துசக்தியும் அலுவலக உதவியாளரின் வலது கையில் இருந்தது. இதில் மிகை ஏதுமில்லை. வரவேற்புக் கூடத்தில் பன்னிரண்டு அடி நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே வெள்ளரிக்காய் அளவில் ஒரு வண்டி. விருந்தினர் பொத்தானை அழுத்துவார், பச்சை விளக்கு எரியும், திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் வண்டியில் கட்டிய தூண்டில் நரம்பைச் சரேலென்று இழுப்பார். "காந்த விசை!" என்பார் இயக்குநர். கூடமே கைதட்டும்.

'குழாய் வரவிருப்பதால் பேருந்து தேவையற்றதாகிறது' என்று வாரியம் ஒருநாள் கருத்துத் தெரிவித்தது. மறுவாரமே உதவியாளரின் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ் நின்றது. அந்தக் கருத்துக்கான கோப்பை மேசை மேசையாகத் தூக்கிப்போய்க் கையெழுத்து வாங்கியவர் அவரேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் அப்படியொரு சுறுசுறுப்பு! அவர் சைக்கிளில் வந்தார். மகளின் பள்ளி எதிர்த் திசையில் ஆறு கிலோமீட்டர். அவள் நடந்தாள்.

"சார், எங்க பஸ்ஸை மட்டும் திரும்ப விடச் சொல்லுங்க சார். பொண்ணு படிப்பையே நிறுத்திடறேங்கறா."

இயக்குநர் கருணையோடு சிரித்தார். "ஆறு கிலோமீட்டருக்குக் குழாய்ல எவ்வளவு நேரம் தெரியுமாய்யா? பதினெட்டே செகண்ட்!"

"குழாய் எப்ப சார் வரும்?"

"வேகத்துக்கு முதல் எதிரியே அவசரம்தான்யா. மனு எழுதி உரிய வழியில அனுப்பு."

உரிய வழி என்பது ஆறு மேசைகள். ஆறுக்கும் மனுவைச் சுமந்தவர் அவரே; 'இது எங்கள் பிரிவைச் சார்ந்ததல்ல' என்ற குறிப்போடு திரும்பப் பெற்றுக்கொண்டவரும் அவரே.

அமைச்சர் வருகை தந்த அன்று காலை, மகளின் பள்ளிப் பை ஆணியிலேயே தொங்கியது. "கால் வலிக்குதுப்பா. இனிமே போகலை" என்றாள். அவர் அலுவலகம் வந்ததும் மனுவைச் சுருட்டி வெள்ளரிக்காய் வண்டிக்குள் திணித்தார். இவ்வளவு உரிய வழி வேறு ஏது?

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். உதவியாளர் உயிரைக் கொடுத்து இழுத்தார். வண்டி மறுமுனையில் மோதி மூடி திறக்க, மனு அமைச்சரின் கைக்கே வந்து சேர்ந்தது. இயக்குநர் முந்திக்கொண்டார்.

"சரக்குப் போக்குவரத்துச் சோதனைங்கய்யா!"

"ரெண்டே செகண்ட்ல மனு என் கைக்கு வந்துடுச்சேய்யா!" அமைச்சர் சொக்கிப்போனார். 'உடனடி நடவடிக்கை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனுவும் கையுமாக அமைச்சரைப் படம் எடுத்தார்கள். மனுவை உதவியாளரிடமே கொடுத்தார்கள், முதல் மேசைக்குக் கொண்டுபோகச் சொல்லி.

இரண்டு ஆண்டுகள் ஆயின. மகள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வாரியமோ வளர்ந்து, கூடத்தில் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறது: 'முதல் பயணி'. சென்ற வாரம் பள்ளிப் பிள்ளைகள் பார்வையிட வந்தார்கள். இயக்குநர் படத்தைக் காட்டிப் பரவசமாய் விளக்கி முடித்ததும், மகள் வயதில் ஒருத்தி கை தூக்கினாள்.

"மனு ரெண்டு செகண்ட்ல போச்சு, சரி. பதில் வந்துச்சா சார்?"

திரைக்குப் பின்னாலிருந்து காந்த விசை வாயைத் திறந்தது.

"பதிலை பஸ்ல அனுப்பிட்டாங்கம்மா. அந்த பஸ்ஸைத்தான் நிறுத்திட்டாங்களே."