ஒத்தையெழுத்துக்காரரின் தூண்டில் எழுத்து

செத்துப்போன மனிதரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டிக் கிடக்கிறது? அடுப்பில் உலை இல்லையா, ஊறவைத்த துணி இல்லையா? ஊர்க்கதை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சரி, வந்தது வந்தீர்கள், உட்காருங்கள்.

சூரியநெல்லியில் ஒத்தையெழுத்துக்காரரைப் போல ஓர் அவசரக்காரர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. டீ ஃபேக்டரி வேலையிலிருந்து ரிட்டையரான பிறகு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் எதையாவது தேடுவதென்றால் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போய், ஊரைச் சுற்றித்தான் போவார்கள். இவருக்கு அது ஆகாது. திரையின் உச்சியில் முகவரி எழுதுகிற நீளக் கட்டம் இருக்கிறதே, அதில் ஒரே ஓர் எழுத்து, கொஞ்சம் இடைவெளி, பிறகு வேண்டியது. தட்டினால் நேரே உள்ளே போய் நிற்கும். பி போட்டு தேனி என்றால் பஸ். ஏ போட்டால் ஏலக்காய் விலை. எல் போட்டால் லாட்டரி. எந்த எழுத்து எங்கே போக வேண்டும் என்று அவரே பெட்டிக்குள் சொல்லிவைத்திருந்தார்.

ஆட்களுக்கும் எழுத்துதான். லாட்டரி பார்க்கப் போகிற நான், அவருக்கு மயினி, அதாவது அண்ணி முறை, எல். கல்யாணப் பந்தியில் அத்தனை பேருக்கு நடுவில், "எல்லு மயினிக்கு ரசம் ஊத்துங்கப்பா" என்பார். சபையில் ஒருநாள் ஜெபம் செய்யச் சொன்னார்கள். எழுந்து நின்று, "போன வாரம் சொன்னதுதான் ஆண்டவரே, ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து உருவம் பார்த்துத்தான் தெரியும். எல் என்றால் கால் நீட்டி உட்கார்ந்த கிழவி. ஜே என்றால் தூண்டில். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மலையாளத்து சாரிடம் கிழவியைத் தட்டச் சொன்னேன். தட்டினார். லாட்டரி வரவில்லை. உங்கள் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது, எங்கள் கடையில் வந்து பாருங்கள் என்றேன். ஆபீசே சிரித்தது. கடைக்கு வந்து சொன்னபோது ஒத்தையெழுத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அது என் பெட்டிக்கு மட்டும் தெரிஞ்ச எழுத்து மயினி. இதத் தொடச்சா அம்புட்டும் போச்சு."

அவருக்கு ஒரே மகன், ஜோயல். சபையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளை, போடியில் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடப் போனான். கோயிலில் பாடிய வாயால் இதையா பாடுவாய், இனி உன் சத்தம் என் காதில் விழக்கூடாது என்று அப்பன் சொன்னார். அவன் போனவன் போனவன்தான். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்ட சண்டை அது.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம், கை சும்மா இருக்காமல் தூண்டிலைத் தட்டினேன். அதற்குப் பெயர்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. திரை முழுக்க ஜோயல் பாடுகிற வீடியோப் படங்கள், கையில் மைக்கோடு, வரிசை வரிசையாக. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிவப்புக் கோடு. திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். இது என்ன கோடு என்று கேட்டேன். கேட்கக் கேட்க நீளுகிற கோடு, முழுசாகக் கேட்டு முடித்தால் ஓரம் தொடும் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு போனப் போட்டுப் பேசுனா என்னவாம்? நம்பரு இருக்குல்ல?"

"அதுக்கு ஒத்தையெழுத்து இல்லயே மயினி."

இந்த மழைக்காலத்தில், காதில் இயர்போனோடு கடையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் பாதியில் திரும்பி வந்தது. போவதிலும் அவசரம்.

அடக்கத்துக்கு வந்த ஜோயல் அழவில்லை. மறுநாள் கடையைத் திறந்தான். கம்ப்யூட்டருக்குள் இருப்பதையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்கி சண்டே ஸ்கூலுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

"ஒரு பாட்டக்கூடக் கேக்காமலே போயிட்டாரு பெரியம்மா. அவரு பெட்டி எனக்கு எதுக்கு?"

"பொறுல. தொடைக்கிறதுக்கு முன்னால அந்தத் தூண்டிலப் போட்டுப் பாரு."

கிழவி உளறுகிறாள் என்ற முகத்தோடு தட்டினான். வந்து நின்றது, அவன் பாடிய அத்தனையும். அந்தக் கோடு என்னவென்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பன் கடைசியாகக் கேட்ட பாட்டில் மட்டும் சிவப்பு பாதியில் நின்றிருந்தது. அதைத் தொட்டான். விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓடியது. நான் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

வெளியே வந்தால் லயத்துச் சனமே வாசலில் நிற்கிறது. சாவுத் துட்டி விழுந்த இடத்தில் சினிமாப் பாட்டா, பையன் ஏன் இப்படிக் கதறுகிறான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"எல்லு போட்டுப் பாத்தோம். பயலுக்கு லாட்டரி விழுந்துருக்கு, அதான் அழுதான். போயி உங்க சோலியப் பாருங்க" என்றேன்.