கற்கண்டரின் நாற்பத்தெட்டு நாள் நேர்த்தி

கொழும்பு வெள்ளவத்தையில் கடவுளோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் தொடர்மாடியில், எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். புறக்கோட்டையில் ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கும் கடை. காலையில் திருநீறு, மாலையில் கோயில், இடைப்பட்ட நேரம் முழுவதும் கோபம்.

சாதாரணக் கோபம் அல்ல. அவர் மூன்றாம் மாடியில் நின்று தண்ணீர் மோட்டரை ஏசினால், கீழே காலி வீதியில் போகிற முச்சக்கரவண்டிக்காரன் தன்னைத்தான் ஏசுகிறார் என்று நினைத்து ஓரங்கட்டுவான். அந்தக் கோபத்தால் அவர் தன் ஒரே தம்பியையும் இழந்திருந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, "உனக்கு ஒரு ஆணி நிறுக்கத் தெரியாது, நீயெல்லாம் ஒரு மனிசனோ?" என்று கத்தியிருக்கிறார். தம்பி கடைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியேறி, ஹெந்தளையில் சொந்தக் கடை போட்டார். ஏழு வருடம் பேச்சு இல்லை.

ஒருநாள் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். நாற்பத்தெட்டு நாள் யாரையும் ஏசுவதில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த ஆயுதம்தான் கற்கண்டு. கோபம் வந்தால் ஒரு கட்டியை வாய்க்குள் போடுவார். அது கரைந்து முடியும்வரை பேசமாட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் கற்கண்டர்.

கோபத்தின் அளவைக் கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். யாராவது அவருடைய இடத்தில் காரை நிறுத்தினால் இரண்டு கட்டி. பூசை வரிசையில் இடையில் புகுந்தால் மூன்று. லிஃப்ட் திருத்த வந்த சிங்களப் பெடியன் அவருடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்து, பல்வலி என்று நினைத்து நல்ல பல் டொக்டர் ஒருவரின் விலாசம் கொடுத்தான். அதற்கு இன்னொரு கட்டி போட்டார்.

பத்தாம் நாள் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுமத்தில் பூகம்பம். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்ட ஒருவரைக் கற்கண்டர் நாற்பது வரியில் கிழித்திருந்தார். நான் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, நேர்த்தி என்னாச்சு?"

"பிள்ளை, நேர்த்தி வாய்க்குத்தான். விரலுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அப்படிச் சொல்லிவிட்டாலும் மனம் கேட்கவில்லை. அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டிருக்கிறார். இனி விரலும் சேர்த்திதான் என்று தீர்ப்பு வந்தது.

"அப்ப மனசுக்குள்ள ஏசினா?"

"மனசுக்குள்ளயும் ஏசாத ஆள் ஒருத்தர் இருந்தா, நான் கோயிலைப் பூட்டிப்போட்டு அவரைக் கும்பிடப் போவன்" என்றாராம் ஐயர்.

முப்பதாம் நாள் டொக்டர் குறுக்கே வந்தார். இரத்தத்தில் சீனி கூரையைத் தொட்டிருந்தது. கற்கண்டு தடை. பதிலுக்குக் கராம்பு சப்பிப் பார்த்தார். நாக்கு விறைத்து, "வணக்கம்" என்று சொன்னதே எங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் கோபம் வரும்போதெல்லாம் படியிறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, கடலுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. சீனி இறங்கியது, தொந்தியும் இறங்கியது. ஆனால் முகத்தில் ஒரு பயம் ஏறியிருந்தது. "இன்னும் எட்டு நாள் பிள்ளை, ஏழு நாள் பிள்ளை" என்று என்னைக் காணும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். நேர்த்தி முடிந்ததும் தம்பியிடம் போவதாக ஐயரிடம் சொல்லி வைத்திருந்தாராம். கோபத்தை வென்ற மனிதனாகப் போய் நிற்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

நாற்பத்தேழாம் நாள் தம்பியே வந்தார்.

நான் கறிவேப்பிலை கேட்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். தம்பி கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே ஓர் அழைப்புக் காட்டை நீட்டினார்.

"அண்ணை, மகளுக்குக் கலியாணம். சொல்ல வேண்டியது முறை. வாறதும் வராததும் உங்கட விருப்பம்."

கற்கண்டர் காட்டை வாங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். கடலுக்குப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

"என்ர விருப்பமோ?"

கட்டடம் அதிர்ந்தது. மேல்மாடியில் கதவுகள் திறந்தன.

"என்ர தோளில தூக்கித் திரிஞ்ச பிள்ளையடா அது! மாப்பிள்ளை பாத்து, நாள் வைச்சு, காட்டும் அடிச்சுக்கொண்டு வந்து நீட்டுறாய். நான் என்ன உனக்கு அயலட்டைச் சனமோ?"

தம்பியும் அதே இரத்தம்தானே. "நீங்கள்தானே ஆக்களுக்கு முன்னால என்னை ஏசினனீங்கள்!"

"ஓம், ஏசினனான்! பிழைதான்! பிழையெண்டு சொல்லுறதுக்கு ஏழு வருசமா போனை எடுத்தியோ? எத்தினை தரம் அடிச்சனான்? மன்னிப்புக் கேக்கவும் விடமாட்டியோடா?"

அவ்வளவு உரத்த குரலில் மன்னிப்புக் கேட்ட மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. தம்பி கதிரையில் பொத்தென்று இருந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அண்ணர் பக்கத்தில் நின்று, அவருடைய தலையில் கையை வைத்துக்கொண்டு, "அழாதை, அழாதையடா" என்று இன்னும் ஏசிக்கொண்டேயிருந்தார். உள்ளே அவர் மனைவி தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

தம்பி சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, கற்கண்டர் என் வாசலில் வந்து நின்றார். பரீட்சையில் தவறிய பிள்ளையைப் போன்ற முகம்.

"ஒரு நாள்தான் பிள்ளை மிச்சம். முறிச்சுப்போட்டன்."

அடுத்த நாள் ஐயரிடம் நடந்ததை எல்லாம் ஒப்புவித்திருக்கிறார். ஐயர், "தம்பி வந்தது முருகன்ர அலுவல். ஏசினது உங்கட அலுவல். திரும்ப முதல் நாளில இருந்து துவங்குங்கோ" என்றாராம்.

"திரும்பவோ?" என்று கோயில் மணி அதிர இவர் கேட்டதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கலியாண வேலைக்காக ஹெந்தளைக்குப் போயிருக்கிறார். ஒரு கிழமை ஆகுமாம். எங்கள் மாடியில் அப்படியோர் அமைதி. முதல் இரண்டு நாள் சுகமாக நித்திரை கொண்டேன். மூன்றாம் நாள் போனை எடுத்து, "அண்ணை, எப்ப வாறியள்?" என்று கேட்டேன்.