கொய்ங் சாரின் சங்கு

2014 ஜூன் 11, புதன்கிழமை. காலையில் பால் வாங்கினேன், தண்ணீர் பிடித்தேன். மாமனாருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, கஞ்சியை மேசையில் மூடி வைத்தேன். கணவர் முதல் ஷிப்டுக்கு மைன்சுக்குப் போயிருந்தார். வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலையிடம் மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். என் டைரியில் அன்றைய பக்கத்தின் மேல்பாதி இவ்வளவுதான். கீழ்ப்பாதி முழுவதும் கொய்ங் சார்.

நெய்வேலியில் பூமியைத் தோண்டிக் கரி எடுத்தவர்கள் பல்லாயிரம் பேர். காற்றைத் தோண்டி வாத்தியம் எடுக்கப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

குவார்ட்டர்சில் நாங்கள் மாடி, அவர் கீழ்வீடு. பவர் ஹவுசில் அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. தனிக்கட்டை. ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில், மின்சாரத்தில் ஒலி செய்யும் ஒரு சிந்தசைசர் இருக்கும். அதைக் கீபோர்டு என்று சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும்.

"கீபோர்டுல புல்லாங்குழல்னு ஒரு பட்டன் இருக்கும் மேடம். அழுத்தினா வந்துடும். அது கடையில வாங்கின இட்லி மாவு. இதுல அந்தப் பட்டனே கிடையாது. வெறும் அலை இருக்கு, இரைச்சல் இருக்கு, வடிகட்டி இருக்கு. நாமளேதான் ஊறவெச்சு அரைக்கணும்."

"அப்போ பழைய காலத்து மிஷினா சார்?"

"இல்லீங்க. உள்ள இருக்கறது கம்ப்யூட்டர்தான். பழைய காலத்து சர்க்யூட் மாதிரி நடிக்கும்."

ஏற்கெனவே நடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை இன்னொரு வேஷம் கட்டவைக்க அவர் குமிழ் குமிழாகத் திருகினார். முதல் வருஷம் முழுக்க எங்களுக்குக் கேட்டது ஒரே சத்தம்: கொய்ங். பெயர் வந்த வழி அதுதான்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "இது வீணை மாதிரி இருக்கான்னு நான் கேட்டா, நீங்க மரியாதைக்கு ஆமான்னுடுவீங்க. அது செல்லாது. யாராவது ஒருத்தர், நான் கேக்காமலே ஏமாறணும். அன்னிக்குத்தான் நான் செஞ்சது வாத்தியம்."

ஏமாறத்தான் ஆள் கிடைக்கவில்லை. புல்லாங்குழலில் பாதி காற்றுதான் என்று சொல்லி அலையோடு கொஞ்சம் இரைச்சலைக் கலந்தார். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "சார், கேஸ் கசியுது, சிலிண்டரை மூடுங்க" என்றார். வயலின் வாசித்தபோது மிக்சியில் பிளேடு மாற்றச் சொன்னார்கள். மிருதங்கத்துக்குத் தீர்ப்பு சொன்னது அஞ்சலை. அவள் வாழ்க்கைப்பட்டது வடக்குத்து என்றாலும் பிறந்தது காடாம்புலியூர், பலாத்தோப்புக்கு நடுவே. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சார், அந்தப் பலாக்காய இப்பியே தட்டிக்கினு இருக்காதீங்க. இன்னும் நாலு நாள் போவணும்" என்றாள்.

அவர் விடவில்லை. அடி விழுந்ததும் சுருதி சறுக்கும் வேகத்தை மாற்றி, அதிர்வை இன்னும் குட்டையாக வெட்டி, சில நாள் கழித்து மறுபடி வாசித்துக் காட்டினார்.

"ஆங், இப்ப பழுத்துடுச்சி சார். அறுக்கலாம்."

அதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டார்.

எங்கள் மாமனார் சுரங்கத்தில் மண் தோண்டும் ராட்சத மிஷினை ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு கொய்ங்குக்கும் கீழே பார்த்துக் கத்துவார்.

"யோவ் கொய்ங்கு! பேரிங் தேயுது, கிரீஸ் வெய்யி!"

"ஐயா, இது ஷெனாய்!"

"ஷெனாய்க்குத்தான்யா வெய்யின்றேன்!"

மே மாதம் மாமாவுக்கு நெஞ்சுவலி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வும் அமைதியும் வேண்டும், அதிர்ச்சி கூடாது, ஜூன் தாண்டிவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். கீழே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து கொய்ங் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கீழ்வீட்டில் சத்தம் நின்றது. மேல்வீட்டிலும் நின்றுபோனது. கீழே பார்த்துக் கத்த எதுவும் இல்லாமல் மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு குறையும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்தார். நெஞ்சுவலியை விட அந்தக் குறை சொல்லாமைதான் எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை பதினொரு மணி வாக்கில் அஞ்சலையிடமிருந்து போன்.

"யக்கா, ஒடனே வாக்கா... கடைக்குப் போயி திரும்பி வரேன், நம்ம வூட்டு மாடில சங்கு ஊதுதுக்கா..." அதற்கு மேல் அழுகை.

நோயாளி இருக்கிற வீட்டில் சங்கு ஊதினால் வேறு அர்த்தம் கிடையாது. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று டைரியில் இல்லை, எனக்கே தெரியாது.

நான் போவதற்குள் பிளாக் தயாராகிவிட்டது. மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் மாலையோடு வந்தார். "ஷாமியானா சொல்லியாச்சு மேடம். உங்க வீட்டுக்காரருக்கு மைன்சுக்குத் தகவல் போயிருக்கு. மனசத் தேத்திக்குங்க." மேலே சங்கு முழங்கிக்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கனத்து ஏறி, நின்று, மூச்சு அறுந்து இறங்கும் அசல் சங்கு. சங்குக்காரரை யார் அழைத்து வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அஞ்சலை கதவை இடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள தாப்பா போட்டுக்கினு ஊதறாங்கக்கா!" சங்கு மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் இருவரும் சேர்ந்து இடித்தோம்.

திறந்தது கொய்ங் சார்.

சாப்பாட்டு மேசையில் சிந்தசைசர். கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து, கையை உயர்த்தியபடி மாமா. "யோவ், ஏன் நிறுத்தின? காத்து இன்னும் பத்தல!" என்றவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஆபீசு லீவா?"

நான் கொய்ங் சாரையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாந்தாம்மா இவன மேல கூப்டேன்" என்றார் மாமா. "காதுல மாட்டிக்கினு தனியா கேட்டுக்கினு கெடக்கறான். எனக்குப் பொழுது போவ வாணாமா? எல்லா வாத்தியமும் கேட்டாச்சி. நான் போனா ஊதற சங்கு மட்டும் எனக்குக் கேக்காதே. அத இப்பியே கேட்டுடலாம்னேன்."

கொய்ங் சாருக்கு வேர்த்திருந்தது. "ஐயா சொல்லச் சொல்ல இப்பதான் மேடம் சரியா வந்துது" என்றபடி பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். நாற்காலிகளையும் மாலையையும் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"இதோ, இவர்தான்" என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். விஷயம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "ஏன் சார், நீ நல்லா இருப்பியா? சங்கு ஊத ஒனக்கு வேற வூடே கெடைக்கலியா?"

"அஞ்சலை" என்றார் அவர். "நெஜமா சங்குன்னே நெனச்சியா? பலாக்கான்னு நெனைக்கலியே?"

"சங்கேதான் சார். அப்பிடியே ஈரக்கொல நடுங்கிப்போச்சி."

அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது. பிறகு பால்கனியிலிருந்து கீழே நின்ற ஊரையும் கும்பிட்டார். பின்னாலேயே மெல்ல எழுந்து வந்து மாமாவும் எட்டிப் பார்க்க, எதிர்வீட்டு அம்மா அலறிய அலறல்தான் அன்றைக்குக் கேட்ட ஒரே இயற்கையான சத்தம்.

"எல்லாரும் காப்பி சாப்ட்டுப் போங்க!" என்று மாமா மேலிருந்து கத்தினார். செயலாளர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அத மறைக்காதய்யா, காட்டு." காட்டினார். மாமா மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இவ்ளோதானா?"

சேப்டி ஷூவோடு மூச்சிரைக்க ஓடிவந்த என் கணவரிடம், "நீயும் லீவா?" என்றார்.

சாயங்காலம் கொய்ங் சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இனி ஹெட்போன் இல்லாமல் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிந்தசைசரைத் தூங்கும் குழந்தையைப் போல இரு கையிலும் ஏந்திப் படியிறங்கினார். ராத்திரி மாமாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. என்னுடையதைப் பார்க்கத் துணியவில்லை. கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு மாமா கிண்ணத்தைத் தள்ளினார். "இது கஞ்சியா, சுரங்கத்துத் தண்ணியா?" இத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. உப்புப் போட மறந்தது அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஜூன் 12, வியாழக்கிழமை. பால் வாங்குவதற்கு முன்பே கீழே இறங்கி, கொய்ங் சாரின் ஹெட்போனைக் கேட்டு வாங்கி வந்து, எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.