ஒடியல் கூழும் மெய்யெண்களும்

மாவைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, பானைக்குள் அகப்பை தானாகவே நிமிர்ந்து நின்றது. ஆரூரன் கையை எடுத்துப் பார்த்தான். அப்போதும் நின்றது.

இறுப்பிட்டியில் ஆரூரனைப் போல் கணிதம் படிப்பிக்க ஆளில்லை என்று அடித்துச் சொல்லலாம். மெய்யெண்கள் பாடம் எடுத்தானென்றால் கடைசி வாங்கில் நித்திரை கொள்பவனும் எழும்பிவிடுவான். எந்த இரண்டு எண்ணையும் முன்பின்னாக மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது, இதைவிட நியாயமான உலகம் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது அவனுக்கே கண் கலங்கும். அந்த நம்பிக்கை உண்மையிலேயே அழகானது. அதைக் குசினிக்குள் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.

அன்று மாமனார் ஆழ்வாப்பிள்ளை முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார். அவர் இருக்கும் மடத்துவெளி சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் கலியாணத்துக்கே வராத மனிதர், மூன்று வருடமாக இந்தப் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையில் என்ன குறை என்று யாருக்கும் சொன்னதுமில்லை. மாமியார் பரிமளம் மட்டும் தொடக்கத்திலிருந்தே அவன் பக்கம். இருக்காதா பின்னே, அவனுக்குக் கணிதம் படிப்பித்ததே அந்தப் பரிமளம் ரீச்சர்தான்.

இன்றைக்கு அப்பாவின் மனம் இளகாவிட்டால் இனி எப்போதும் இளகாது என்று மனைவி பிரியவதனி அழாக்குறையாகச் சொல்லியிருந்தாள். அவள் தாதி. காலையில் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீனையும் நண்டையும் துப்புரவாக்கி, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவைத்து, எதற்குப் பின் எதைப் போடுவதென்று தாளில் எழுதிவைத்துவிட்டுப் போனாள். 'கடைசியாக மா' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ஆரூரன் தாளைப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் கூட்டல்தானே. மா கைக்குக் கிட்ட இருந்தது, அதையே முதலில் போட்டான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

இப்போது கூழ் இறுகிவிட்டது. தண்ணீருக்குச் சுவை இல்லை, ஆகவே அது பூச்சியம் மாதிரி, எவ்வளவு கூட்டினாலும் எதுவும் மாறாது. மூன்று செம்பு ஊற்றினான். மா கட்டி கட்டியாக மிதந்தது. உப்பும் உறைப்பும் போன இடம் தெரியவில்லை.

சரி, அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கலாம். உப்பு, புளி, மிளகாய் எல்லாம் இரண்டு மடங்கு ஆகின. மீனைப் பெருக்க வழியில்லை. கூழ் பொங்கி அடுப்பை அணைத்தது. பாதியை இன்னொரு பானையில் ஊற்றி, வாயில் வைத்துப் பார்த்தான். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

பிரியவதனி தொலைபேசியில் கேட்டாள்.

"மா போட்டிட்டியளோ?"

"ஓம், போட்டாச்சு."

அவன் பொய் சொல்லமாட்டான்.

ஐந்துக்கு எதிராக மறை ஐந்து இருக்கிறது, இரண்டையும் கூட்டினால் பூச்சியம். புளிக்கு மறை என்ன? பனங்கட்டி. நாலைந்து துண்டு போட்டுக் கலக்கும்போது படலை திறக்கும் சத்தம் கேட்டது.

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பரிமளம் பக்கத்தில் இருந்தார். பிரியவதனியும் ஓடிவந்து சேர்ந்தாள். பானையை எட்டிப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. ஆரூரன் பனையோலையில் கோலிய பிளாவில் கூழை வார்த்து மாமனாரிடம் நீட்டினான்.

அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"மா முதலே போட்டனீரோ?"

"ஓம் மாமா. கூட்டல்தானே, ஒழுங்கு முக்கியமில்லை எண்டு..."

"தண்ணி?"

"பூச்சியம் எண்டு நினைச்சன்."

"பனங்கட்டி, புளிக்கு மறை. என்ன?"

ஆரூரன் நிமிர்ந்து பார்த்தான். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆழ்வாப்பிள்ளை மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பரிமளம் ரீச்சர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவர் பிளாவை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். பிறகு எழும்பி வந்து மருமகனின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. முப்பத்தாறு வருசமாய் நான் இந்தக் கூழைத்தான் குடிக்கிறன், என்ரை பிள்ளையாவது தப்பட்டும் எண்டுதான் கணக்கு மாப்பிள்ளை வேண்டாமெண்டனான்."