வேணாம் அண்ணாச்சியும் பரிசுப் பெட்டியும்

விருதுநகர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்து, கண்ணெதிரே எண்ணெய்ப் பரோட்டாவை வைத்த பிறகும் "வேணாம்" என்று சொன்ன மனிதர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். டாக்டர் சொல்லி நிறுத்தியவர்கள் உண்டு. அவர்களும் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் டாக்டரைத் திட்டுவார்கள். இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வேணாம் தாயி" என்றார், பக்கத்தில் கிடந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் வேணாம் அண்ணாச்சி.

என் மகன் படிக்கும் பள்ளிக்கூடம் சிவகாசி ரோட்டில் இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே ஓர் உணவுத் திருவிழா நடக்கும். பெற்றோர்கள் சமைத்து, பெற்றோர்களே விற்று, பெரும்பாலும் பெற்றோர்களே தின்று தீர்த்து, வருகிற பணத்தில் பள்ளிக்கு ஏதாவது செய்வது வழக்கம். அப்போது எங்கள் இலக்கு, பிள்ளைகள் மதியம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு ஒரு தகரக் கூரை. பெற்றோர் சங்கச் செயலாளர் நான். ஆசைப்பட்டு அந்தப் பதவிக்கு வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் கொசு விரட்டினேன். கையைத் தூக்கியதாக எழுதிக்கொண்டார்கள்.

செயலாளராகி நான் எழுதிய முதல் நோட்டீசிலேயே 'உணவுத் திருவிளா' என்று போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து நாக்கில் ழ வந்து நிற்பதற்குள் ள முந்திக்கொள்ளும். என் கையும் நாக்கின் பேச்சைத்தான் கேட்கும். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று பெயர், ஆசிரியர் குழு திருத்துவதால் மானம் பிழைக்கிறது. நோட்டீசை ஒட்டிய மறுநாள், சட்டைப் பையில் சிவப்புப் பேனா செருகிய ஒருவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நோட்டீசு எழுதுனது நீங்களா தாயி?"

"ஆமா அண்ணாச்சி. நல்லா இருக்கா?"

"விளான்னா விளாம்பளம் காய்க்கிற மரம்லா. நாம என்ன மரமா விக்கப் போறோம்?"

'விளாம்பளம்' என்றுதான் அவரும் சொன்னார். பேச்சில் விட்டுக்கொடுப்பார்; எழுத்தில் மட்டும் மாட்டார். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் முப்பது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவர். நாம் தினமும் கிழித்துப் போடுகிற தாளில் நல்ல நேரம், ராகு காலம், விசேஷம் எல்லாவற்றையும் நமக்கு முன்னால் படித்தவர். ஆடி மாதத்திலேயே அடுத்த வருஷத்துக் காலண்டர் அச்சுக்குப் போய்விடும் என்பதால், அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று அவரிடம் விளையாட்டாகக் கேட்பேன்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் பார்த்து முடிச்சுட்டேன் தாயி. ஒண்ணும் விசேசமில்லை" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

திருவிழா நாளில் முதலில் வருவதும் அவர்தான், கடைசியில் போவதும் அவர்தான். பந்தல் கயிறு கட்டுவார், பெஞ்சு தூக்குவார், அடுப்புக்கு விறகு உடைப்பார். டீ கொடுத்தால் வேணாம். மோர் கொடுத்தால் வேணாம். தயிர்சாதமும் தண்ணீரும் வீட்டிலிருந்து வரும். ஒரு தடவை அவரே கிண்டி இறக்கிய சுண்டலை ருசி பார்க்கச் சொன்னேன். உப்பு சரியா என்று தெரிய வேண்டாமா? மனிதர் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி வந்து ருசி பார்த்தார். அதற்குள் அந்தச் சட்டி பாதி விற்றுவிட்டது. உப்புப் போடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பள்ளித் தாளாளர் ஒரு வருஷம் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தப் பார்த்தார். அண்ணாச்சி குனிந்த குனிவில் பொன்னாடை, பின்னால் நின்ற பி.டி. வாத்தியார் தோளில் விழுந்தது. கூட்டம் கைதட்டிவிட்டது. வாத்தியாரும் கும்பிட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தப் பொன்னாடை வாத்தியார் வீட்டு டிவிக்குமேல் கிடப்பதாகக் கேள்வி.

இன்னொரு வருஷம் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி மேடைக்குப் பக்கத்தில் வந்து எனக்குச் சைகை காட்டினார். பேனரில் 'நல்வரவு' என்பதற்குப் புள்ளி விழாமல் 'நலவரவு' ஆகியிருந்தது.

"தாயி, அந்தப் பொட்டைக் கொஞ்சம் தாரீகளா?"

"எந்தப் பொட்டு?"

"நெத்தியில இருக்கே, அதுதான்."

கழற்றிக் கொடுத்தேன். மேடையேறி, விருந்தினரின் தலைக்குமேல் கையை நீட்டி, 'ல'வின் உச்சியில் ஒட்டிவிட்டு இறங்கினார். கூட்டம் முடியும் வரை என் ஸ்டிக்கர் பொட்டு புள்ளியாக நின்று எல்லோரையும் வரவேற்றது. நான் மூளி நெற்றியோடு நன்றியுரை சொன்னேன்.

பிள்ளை எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், "பெரிய கிளாசு" என்பார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. பெஞ்சு தூக்குகிறவரிடம் வேறு என்ன கேட்பது?

போன வருஷம்தான் வினை வந்தது. தீபாவளி சீசன் நெருக்கத்தில் திருவிழா அமைந்ததால் வேலைக்கு நிற்க ஆள் வரவில்லை. கூட்டத்தில், பட்டாசுக் கம்பெனி நடத்தும் ஒரு பெற்றோர் எழுந்தார். நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம்.

"சும்மா வான்னா யாரு வருவா? வேலைக்கு நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிஃப்ட் பாக்ஸ், எங்க கம்பெனி பட்டாசு. அவுக பிள்ளைகளுக்கு ஆண்டு விழா டான்ஸுல முன்வரிசை. இப்ப பாருங்க கூட்டத்தை!"

கைதட்டல் அடங்குவதற்குள் முத்துமாரி எழுந்தாள். அச்சங்குளம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவள்.

"நான் காலையில வேன் ஏறுனா பொளுது சாயத்தான் இறங்குறேன். எப்ப வந்து இங்கன நிக்க? நான் வரலைங்கதுக்கு எம்புள்ள பின்னால நின்னு ஆடணுமாக்கும்?"

முதலாளியே முன்வரிசையை வாபஸ் வாங்கினார். பெட்டி மட்டும் நின்றது. அப்போது பின்பெஞ்சிலிருந்து வேணாம் அண்ணாச்சி எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"பெட்டியும் வேணாங்க. பரிசு வச்சா லிஸ்டு வரும். லிஸ்டு வந்தா பேரு விடுபடும். நான் முப்பது வருசமா லிஸ்டுதான் படிக்கேன். விடுபடாத லிஸ்டே கிடையாது."

"ஒங்களுக்கு வேணாம்னா வாங்காதீக அண்ணாச்சி, மத்தவுகளைக் கெடுக்காதீக" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

லிஸ்டு போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. தலைப்பு, 'பரிசு பெற்றோர்'. கீழே பெற்றோர் பெயர், பிள்ளை பெயர், வகுப்பு. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தாயி, இது பரிசு வாங்குனவுகளா, பிள்ளை பெத்தவுகளா?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. பிள்ளை பேரைப் போடுங்க, நேரமாச்சு."

"பேரு கயல்விழி" என்று ழவை அழுத்திச் சொன்னார். எழுதவில்லை. பேனாவை மூடினார். "இங்கன படிச்சு முடிச்சு நாலு வருசம் ஆச்சு. இப்ப புனேயில வேலை பாக்கா."

நான் லிஸ்டைக் கீழே வைத்தேன். "அப்ப இத்தனை வருசமா…?"

"அவ ஆறாங்கிளாசு படிக்கையிலயே அவ அம்மா போயிட்டா. இவளும் படிப்பு, வேலைன்னு வெளியூரு போனப்புறம் வீட்டுல டிவிதான் பேசுது. நாம பேசுனா அது கேக்க மாட்டேங்கு. இங்கன வந்தா, 'அண்ணாச்சி, அந்தப் பெஞ்சைத் தூக்குங்க'ன்னு ஒரு சத்தம் வரும்லா. அதுக்குத்தான் தாயி. நீங்க வராதீகன்னு சொன்னா நின்னுக்கிடுதேன்."

தலைமையாசிரியையிடம் போய் வாதாடினேன். அவரும் கெட்டவர் இல்லை. "போன வருஷம் வரைக்கும் யாரும் கேக்கலை. இப்ப பரிசு இருக்கு. வெளியாளுக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்களே" என்றார்.

"அவர் பரிசு வாங்க மாட்டார் மேடம்."

"அப்ப பரிசு லிஸ்டுல எப்படி வருவார்?"

"லிஸ்டுல இல்லாம வரட்டுமே."

"லிஸ்டுல இல்லாதவங்களுக்கு பேட்ஜ் இல்லை. பேட்ஜ் இல்லாம வேலை பார்க்க விடக்கூடாதுன்னு நீங்கதானே தீர்மானம் எழுதினீங்க?"

ஆமாம், நான்தான் எழுதியிருந்தேன். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வாட்ஸப்பில், 'அண்ணாச்சி, இந்த வருடம் உங்கள் உதவி தேவைபடாது. மன்னிக்கவும்' என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

'தேவைப்படாது. ப் வரும்.'

அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் வெங்காயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திருவிழா அன்று பேட்ஜ் குத்திய கூட்டம் நன்றாகத்தான் வந்தது. காலையிலேயே பெட்டியைக் கொடுத்த புத்திசாலியும் நான்தான். பெட்டி கைக்கு வந்ததும், வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் பாதிப்பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். பந்தல் ஒரு பக்கம் தொங்கியது. பழைய புத்தகக் கடையின் போர்டும் புதிய சுண்டல் கடையின் போர்டும் எழுதுகையிலேயே கலந்துபோய், 'பழைய சுண்டல்' என்று கொட்டை எழுத்தில் ஒரு கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கடையில் ஒரே ஒரு ஆள் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார். வேணாம் அண்ணாச்சி.

"டிக்கெட் வாங்கித்தான் வந்தேன் தாயி" என்று என்னிடம் நீட்டிக் காட்டினார். "வெளியாளா வந்து சாப்பிட்டாத் தப்பில்லையே?"

தின்று முடித்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஏன் அப்படி நிற்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்சு கோணலாகக் கிடந்தது. கை தானாக அதற்குப் போய்விடுமோ என்று பயந்து கட்டிப் போட்டிருக்கிறார்.

"இந்தப் போர்டைப் பார்த்தீகளா அண்ணாச்சி?"

"பார்த்தேன்."

"திருத்தலையா?"

"நான் வெளியாளுல்லா."

என் பையில் எழுதாத பேட்ஜ் அட்டைகள் மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்தேன். 'பெற்றோர்' என்று அச்சடித்திருந்தது. அவர் பையிலிருந்த சிவப்புப் பேனாவை நானே உருவி, பிள்ளை பெயர் என்ற இடத்தில் பரபரவென்று எழுதினேன். வகுப்பு என்ற இடத்தில் 'பெரிய கிளாசு' என்று போட்டேன். தீர்மானமாவது ஒன்றாவது! தலைமையாசிரியை கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன். வேணாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்தான்.

சொல்லவில்லை. வாங்கினார். வழக்கம்போலக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் கண்ணில் பட்டது. 'கயல்விளி' என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"ஐயோ, குடுங்க அண்ணாச்சி, ழ தப்பாப் போச்சு. வேற எளுதித் தாரேன்."

அவர் அட்டையைத் தரவில்லை. சட்டையில் குத்திக்கொண்டார். நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும் தாயி. அவ அம்மா இப்படித்தான் கூப்பிடுவா."

பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கோணல் பெஞ்சை நேராக்கி, அதன்மேல் ஏறிச் சுண்டல் போர்டைக் கழற்றினார்.

கூரை வந்துவிட்டது. பரிசுப் பெட்டி நின்றுவிட்டது, அதோடு லிஸ்டும் போனது. எனக்கு இப்போதெல்லாம் ழ ஒழுங்காகவே வருகிறது. ஆனாலும் இந்த வருஷத்து நோட்டீசில் 'திருவிளா' என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணாச்சி வந்து கேட்கட்டும்.