பிராங்க்ளின் சாரின் சேற்றுப் படை

"இந்தச் சேத்து நிறத்தை நீ எங்கேம்மா கத்துக்கிட்ட?" என்று பிராங்க்ளின் சார் ஒருமுறை என்னைக் கேட்டார். எனக்குக் கூச்சம் அதிகம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணமே கேள்விகள்தான். அதனால் இப்போது எழுத்தில் பதில் சொல்கிறேன்.

உலகத்தில் இதுவரை நடந்த போர்களிலெல்லாம் மகத்தான போருக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில், ஓர் அரசாங்க மேசையின் மேல்தான் படை திரண்டது. வீரர்கள் இருநூறு பேர். உயரம் கட்டைவிரல் அளவு. உடம்பு பிளாஸ்டிக். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை பிராங்க்ளின் சார் அவர்களுக்குத் தளபதி. மற்ற நேரங்களில் அவர் ஏரி நல அதிகாரி.

நாங்கள் அவரிடம் போனது ஓர் அற்ப விஷயத்துக்காக. பசியாவரத்துக்குத் தெற்கே, ஆழமில்லாத ஓர் இடத்தில், நாங்கள் ஒன்பது பெண்கள் கையால் இறால் பிடிக்கிறோம். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவோம். அந்த இடத்தை உல்லாசப் படகுச் சவாரிக்காக வளைத்துக் கம்பு நட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே யாராவது தொழில் செய்கிறார்களா என்று சார் வந்து பார்த்து எழுத வேண்டும். செய்கிறார்கள் என்று எழுதினால் இடம் எங்களுக்கு. இல்லையென்றால் சவாரிக்காரருக்கு. மனுவை நான் எழுதினேன். எங்களில் மூத்தவளான முனியம்மா அத்தை கைநாட்டு வைத்தாள்.

"இந்த வாரம் முடியாது," என்றார் சார். "ஞாயித்துக்கிழமை சென்னையில போர். இருநூறு பேர் இன்னும் வெறும் உடம்போட நிக்கிறாங்க."

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "அய்யோ பாவம். எந்த ஊரு ஜனம் சார்? ரேஷன் கார்டு கீதா?"

சார் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இத்த வெச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்க?"

"மேசை மேல நிக்க வெச்சு, அளவு நாடா பிடிச்சு நகர்த்துவோம். பகடை உருட்டினா யார் செத்தாங்கன்னு தெரியும்."

"செத்தவங்க?"

"பெட்டிக்குள்ள போவாங்க. அடுத்த ஞாயிறு திரும்பி வருவாங்க."

"நல்ல ஏற்பாடு," என்றாள் அத்தை.

அப்போதுதான் சார் எங்கள் மனுவைப் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார். "எழுத்து கடுகு கடுகா இருக்கே. யார் கை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்தது. நான் வண்ணம் தீட்டிக் கொடுத்தால் திங்கட்கிழமை 'கள ஆய்வு'.

நான்கு நாள் அலுவலக மூலையில் உட்கார்ந்து, தூரிகையைப் பல்லில் கடித்தபடி வீரர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொருவராகத் தீட்டினேன். சார் ஒரு படம் தந்திருந்தார். நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அப்படியே செய்தேன். பிறகு இருநூறு பேருக்கும் இடுப்புக்குக் கீழே சேறு பூசினேன். படம் போட்டவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சார் தலையில் கை வைத்தார். "வெள்ளைக் கால்சட்டை எங்கே?"

"உள்ள கீது சார்," என்றாள் அத்தை. "வேலைக்குப் போனவன் காலு சுத்தமா இருந்தா, அவன் வேலைக்கே போலன்னு அர்த்தம். அந்த மாதிரி ஆளுக்கு எங்க வூட்ல சோறு கெடையாது."

திருத்த நேரமில்லை. சேற்றோடு படை சென்னைக்குப் போனது. ஞாயிறு மாலைக்குள் மொத்தமும் செத்தது. ஆனால் 'மிக உண்மையான படை' என்று கோப்பை கிடைத்தது. சேற்றைப் பார்த்து நடுவர் ஒருவர் கண் கலங்கினாராம். பல மாத ஆராய்ச்சி என்று சார் ஏற்புரையில் சொன்னாராம். மறுநாள் காலை அலுவலகத்தில்தான் என்னைக் கூப்பிட்டு, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சார் சொன்ன சொல் தவறாதவர். அன்று மத்தியானமே படகில் கள ஆய்வுக்குக் கிளம்பினார். புது ஷூ போட்டிருந்தார்.

"எறங்கிப் பாருங்க சார்," என்றாராம் படகோட்டி வேலு.

"வேணாம்பா. இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

நாங்கள் தூரத்தில் கழுத்தளவு நீரில் முட்டி போட்டிருந்தோம். கூப்பிட்டிருக்கலாம். பறி பல்லில் இருந்தது.

அடுத்த வாரம் அறிக்கை தயார் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏரியிலிருந்து அப்படியே ஒன்பது பேரும் ஓடினோம். சார் புதுக் கண்ணாடி அலமாரிக்குள் படையை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். நடுவில் கோப்பை. அத்தை பறியைத் தரையில் வைத்துவிட்டு, "படிம்மா," என்றாள். நான் படித்தேன்.

'நேரில் பார்வையிட்டதில், மேற்படி இடத்தில் இடுப்பளவு சேறு இருப்பது தெரியவந்தது. அத்தகைய சேற்றில் மனிதர் பணியாற்ற இயலாது. ஆகவே அங்கு எவரும் பணியாற்றவில்லை. நீர்க்காக்கைகள் ஒன்பது மட்டும் காணப்பட்டன.'

எண்ணிக்கையில் பிழை இல்லை. சார் கணக்காகத்தான் பார்த்திருக்கிறார்.

"மேல்முறையீடு பண்ணலாம்," என்றார் சார், ஒரு வீரனைத் துடைத்தபடி. பிறகு தரையைப் பார்த்தார். "காலைக் கழுவிட்டு உள்ள வரக்கூடாதாம்மா?"

அலமாரிக்குள் இருநூறு பேர். வெளியே நாங்கள் ஒன்பது பேர். அந்த அறையில் சேறு படாத கால்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன.

அத்தை அந்த இரண்டையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு வெளியே போனாள்.