நுரை கக்கிய நாகமுட்டை

கொஞ்ச நாளைக்கு முன்புவரை செவ்வாய், வெள்ளி என்றால் எங்கள் செங்கரட்டுப்பட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. மார்க்கையன்கோட்டையில் ஏறுகிறவர் ஒற்றைக்காலில் நின்றுதான் வரவேண்டும். பண்ணைப்புரத்துக்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். ஒரு வக்கீல் காரிலேயே வருவார். கறுப்புக் கோட்டைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கி, ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் எல்லாவற்றையும் நம்பிவிட்டுத் திரும்பிப் போவார்.

வருகிற அத்தனை பேர் மடியிலும் ஒரு பை. பைக்குள் பூவா, பழமா என்று கேட்காதீர்கள். கல்!

கல்லைக் கும்பிட வரும் கூட்டத்தை நீங்கள் எங்கும் பார்க்கலாம். கல்லைக் கொண்டுவந்து, தட்சிணையும் கொடுத்து, "தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சும் கூட்டத்தைப் பார்க்க எங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கவேண்டும்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். பிறகு கல்லை. அதற்குப் பிறகு சாமியாரை. இந்த வரிசையில் போனால்தான் விளங்கும்.

வாய்க்காலுக்குக் கீழே நெல், வாழை, தென்னை என்று பச்சைப் பசேலென்று கிடக்கிறதே, அது பள்ளத்தாக்கு. எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மேலே. மேற்கு மலையில் மேகம் திரண்டு நிற்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். மழைதான் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். மேகத்தின் முதுகைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்தக் காய்ந்த காட்டில் மண்ணைக் கொஞ்சம் கிளறினால் போதும், சுக்காங்கல் வரும். வெள்ளையாக, சொரசொரவென்று, இஞ்சி போல ஒன்று, கோழிமுட்டை போல ஒன்று. உழுகிறவர்கள் அதைப் பொறுக்கி வரப்பில் வீசும்போது வைகிற வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது. அப்படி வாழ்ந்துகொண்டிருந்த கல்லுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. காரணம், நாகமுட்டைச் சித்தர்.

இமயமலையிலிருந்து வந்தவராம். ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையில் மடம் போட்டார். முட்டைக்கும் அந்தக் கொட்டகைக்கும் பழைய உறவு இருந்தது என்பதால் யாருக்கும் பொருத்தக்குறைவாகத் தோன்றவில்லை.

அவர் வித்தை இதுதான். நீங்கள் கொண்டுபோன சுக்காங்கல்லைத் தாம்பாளத்தில் வைப்பார். பக்கத்தில் ஒரு கருங்கல் துண்டு இருக்கும். சின்னக் கத்தியால் இரண்டையும் சுரண்டுவார். "சீண்டினால்தான் சீறும்" என்பார். பிறகு இரண்டின் மேலும் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். கருங்கல் சும்மா கிடக்கும். சுக்காங்கல் சுர்ரென்று நுரைக்கும்!

"அது செத்த கல். இது உயிருள்ள முட்டை. உன் நிலத்தில் நாகம் அடைகாக்கிறது, மகனே!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சில சமயம் கல்லை உடைத்தும் காட்டுவார். எப்போதாவது ஒன்றின் உள்ளே, வளையமாகச் சுருண்டு ஒன்று படுத்திருக்கும். "குஞ்சு!" என்பார். முன்வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுவாள். மைக் பிடிக்கும் சீடர் செல்வமணி அவள் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்.

வீட்டில் கல்யாணம் தள்ளிப்போகிறதா? நாகம். மாடு சினை பிடிக்கவில்லையா? நாகம். மகன் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டானா? அதுவும் நாகம்தான், அந்த நாகத்துக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. பரிகாரம் எல்லாருக்கும் ஒன்றே. காட்டிலுள்ள முட்டைகளைப் பொறுக்கி மடத்தில் ஒப்படைக்க வேண்டும். சித்தர் அவற்றைப் பாதாள லோகத்துக்கு அனுப்பிவைப்பார்.

பரம்பரை பரம்பரையாகப் பொறுக்க முடியாத கல்லை எங்கள் சனம் ஒரே பருவத்தில் பொறுக்கியது. பக்திக்கு அவ்வளவு பலம்.

இதுவரை சிரிப்பு. இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

சுருளியாண்டிக்கு ஒரு திராட்சைப் பந்தல் உண்டு. பக்கத்திலேயே மதலேனாளின் மல்லிகைத் தோட்டம். இரண்டுக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். மேட்டுக்காட்டில் கோடையிலும் ஊறுவது அது ஒன்றுதான். அந்தக் கிணற்றைச் சுருளியாண்டி ஆழப்படுத்தினார். உள்ளேயிருந்து முட்டை முட்டையாகச் சுக்காங்கல் வந்தது. அடுத்த வாரம் அவருடைய ஆடு, ஒரு மூட்டை ரேஷன் அரிசியை அவிழ்த்துத் தின்று வயிறு உப்பிச் செத்தது. அதற்கடுத்த வாரம், பாசி பிடித்த கிணற்றுப் படியில் செருப்போடு இறங்கிய சுருளியாண்டி வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

அரிசியை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. செருப்பையும் சொல்லவில்லை. கல்லைக் கொண்டுபோய்ச் சித்தரிடம் காட்டினார்கள். நுரைத்தது.

"தாய்நாகம் கிணற்றுக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கிணற்றை மூடு. இல்லாவிட்டால் அடுத்தது உன் பெண்டாட்டி!"

செய்தி தெரிந்ததும் மதலேனாள் பறித்த பூவைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

"ஏத்தா இருளம்மா, கெணத்த மூடப் போறீகளாமே, நெசமா?"

"சாமி சொல்லிட்டாகக்கா. நாங்க என்ன செய்யிறது?" என்றாள் இருளம்மாள், சுருளியாண்டியின் மனைவி.

"பந்தல்ல காயி நெறம் மாறி நிக்கிது. என் பூச்செடி முச்சூடும் கருகிப்போகும். யோசிச்சீகளா? சரி, ஒங்க சாமி குடிக்கிற தண்ணி எந்தக் கெணத்துத் தண்ணி?"

"நம்ம கெணத்துத் தண்ணிதேன். நாந்தான தெனமும் கொண்டுபோயி ஊத்துறேன்."

"அவர மட்டும் நாகம் ஒண்ணுஞ் செய்யலயாக்கும்?"

"அவுக சித்தருக்கா!"

கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த சுருளியாண்டி தலையைத் தூக்கினார். "மதினி, ஒங்க சாமி வேற, எங்க சாமி வேற. இதுல நீங்க தலையக் குடுக்காதீக."

"அப்படியா கொழுந்தனாரே? நேத்து ஒங்க சாமி வரிசையில மொத ஆளா நின்னது யாரு? எங்க வீட்டுக்காரரு இன்னாசி! கழுத்துல மாதா உத்தரியம், கையில நாகமுட்டை. ரெண்டு பக்கமும் சீட்டுப் போட்டு வச்சிருக்காரு மனுசன்."

சுருளியாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சித்தரையே நேரில் கேட்டுவிடுவதென்று மதலேனாள் மறுநாள் மடத்துக்குப் போனாள். சித்தர் நிஷ்டையில் இருந்தார். கொட்டகைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. கொல்லைப்புறம் போனால் அங்கே இருளம்மாள் வெந்நீர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மடத்துக்கு அவள் செய்யும் சேவை அது. சித்தர் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளையே எடுத்து, அண்டாவின் அடியில் ஏடுகட்டியிருந்த வெள்ளைக் கறையில் வைத்துத் தேய்த்தாள். அண்டா பொசபொசவென்று பொங்கியது.

"என்னத்தா, அண்டா நொரைக்குது?"

"உப்புத் தண்ணிக் கறையில்லக்கா? எலுமிச்சந்தோலு போட்டுத் தேச்சா நொரச்சுக்கிட்டுத்தேன் போகும். எங்க வீட்டுக் குண்டாவும் இப்பிடித்தேன் பொங்கும். ஒங்க வீட்ல பொங்காதா?"

மதலேனாள் குனிந்தாள். கீழே பெயர்ந்து விழுந்திருந்த கறைத்துண்டு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அண்டா முட்டையிட்டிருந்ததை இருவருமே பார்த்தார்கள். ஒருத்தி கழுவி ஊற்றினாள். ஒருத்தி முடிந்துகொண்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கிணற்றுமேட்டில் ஊரே நின்றது. ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. சித்தர் குடையின் கீழே. செல்வமணி மைக்கின் பின்னே. சுருளியாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. மண்ணை அள்ள ஜேசிபி கையைத் தூக்கியது.

"சாமி, ஒரு நிமிசம்!" மதலேனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இத ஒண்ணு பாத்துச் சொல்லிருங்க. அப்பறம் கெணத்த மூடுங்க, நா குறுக்க நிக்கல."

வழிக்கு வந்துவிட்டாள் என்று சித்தருக்குச் சந்தோஷம். துண்டை வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார். சீண்டினார். பிழிந்தார். எந்தக் கல்லும் நுரைக்காத அளவுக்கு அது நுரைத்துத் தள்ளியது.

"ஆகா! ராஜநாகம்!" சித்தர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இவ்வளவு உக்கிரத்தை நான் இமயத்திலும் கண்டதில்லை! இது எங்கே கிடந்ததோ அந்த இடத்தை இன்றே இடிக்க வேண்டும். அங்கே குடியிருப்பவன் மகாபாவி!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. மகாபாவியா?"

"மகாபாவி! ஊரை அழிக்க வந்தவன்!"

மைக் நல்ல மைக். வாய்க்காலுக்குக் கீழேயும் கேட்டிருக்கும்.

"ஏத்தா இருளம்மா, இங்கன வா. இது என்னன்னு ஊருக்குச் சொல்லு."

இருளம்மாள் துண்டை எடுத்துப் புரட்டினாள். ஒருபக்கம் வழவழவென்று வளைந்து, களிம்பின் பச்சை ஒட்டியிருந்தது. அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. யோசித்துச் சொல்லவும் அப்போது நேரமில்லை.

"அய்ய! இது மடத்து அண்டாவோட அடிக்கறையில்ல? நேத்து நாந்தான தேச்சுப் பேத்தேன்!"

சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. துண்டைப் பார்த்தாள். சித்தரைப் பார்த்தாள். இத்தனை நாளும் தேய்த்த தன் கையைப் பார்த்தாள்.

ஜேசிபி ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டினார். "சட்டுனு சொல்லுங்கப்பா, வண்டி சும்மா நிக்கிது. எங்கன ஆரம்பிக்க? கெணத்துலயா, மடத்துலயா?"

முதலில் சிரித்தது யார் தெரியுமா? இன்னாசி.

"நிறுத்துங்கள்!" சித்தர் கையை உயர்த்தினார். "அண்டா நுரைக்கலாம். அண்டாவுக்குள் குஞ்சு இருக்குமா?" ஏற்கெனவே பதம் பார்த்து வைத்திருந்த கல் ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே வளையமாகச் சுருண்டு கிடந்தது அது.

மதலேனாள் வேலிக்கள்ளி அருகே போனாள். கோடையில் எங்கள் ஊர்க் கள்ளித்தண்டு முழுக்க நத்தைகள் வாயை மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். மழை வரும்வரை அவற்றுக்கு உறக்கம்தான். ஒன்றைப் பெயர்த்து வந்து, அதே கிணற்றுத் தண்ணீர் இருந்த சொம்பில் போட்டாள். கீழே கிடந்த காலிக் கூடு ஒன்றைச் சித்தரின் குஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே வளையம், அதே சுருள். கத்தியால் சுரண்டி, எலுமிச்சம்பழத்தைத் தன் கையாலேயே பிழிந்தாள். கூடு நுரைத்தது.

சிறிது நேரத்தில் சொம்புக்குள்ளிருந்த நத்தை மெல்லத் தலையை நீட்டிக் கொம்பை ஆட்டியது.

"குஞ்சு பொரிஞ்சிருச்சு சாமி. படம் எடுக்கச் சொல்லுங்க!"

விஷயம் இவ்வளவுதான். மழை குறைந்த மண்ணில் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும். வெயில் தண்ணீரை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிக் கட்டிதட்டும். அண்டாவின் அடியில் சில மாதத்தில் நடப்பதுதான் நிலத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்திருக்கிறது. வழியில் செத்துக் கிடந்த நத்தையையும் சேர்த்து மூடிவிடும். நத்தைக்கூடும் சுண்ணாம்பு, முட்டை ஓடும் சுண்ணாம்பு. புளிப்பு பட்டால் சுண்ணாம்பு நுரைக்கும். நாகத்துக்கு இதில் எந்த வேலையும் கிடையாது.

சித்தர் கண்ணை மூடி நிஷ்டைக்குப் போகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பின்னால் குவியலாக நாகமுட்டைகள். டிரைவர் ஜோயல், ஒன்றும் அறியாத மனுஷன், உரக்கக் கேட்டார்:

"சாமி, லோடு ஏத்தியாச்சு. வழக்கமான காளவாசலுக்குத்தான? சுண்ணாம்பு பால்மாதிரி வருதாம், இன்னும் எம்புட்டு இருந்தாலும் எடுத்துக்கிறேன்னு சொன்னாக."

பாதாள லோகம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மெயின் ரோட்டில், புகைபோக்கிக்குப் பக்கத்தில். கல்லை எடுத்துக்கொள்ள எங்களிடமும் வாங்கி, கல்லைக் கொடுக்க அங்கேயும் வாங்கியிருக்கிறார். கனிமவளத்தை இவ்வளவு சுலபமாக வேறு யாரும் வெட்டி எடுத்திருக்க முடியாது. ஆளுக்குக் கூலி கிடையாது. ஆளே கூலி கொடுத்தது!

"ஏலே ஜோயலு, வாயப் பொத்திக்கிட்டு வண்டிய எடுறா!" என்று கத்தினார் சித்தர். இமயமலை எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு.

வண்டியை எடுக்க விடவில்லை கூட்டம். சுற்றி நின்றுகொண்டு "என் கல்லக் குடு, என் கல்லக் குடு" என்று சண்டை. வரப்பில் வீசி வைத கல்லுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு லாரிமேல் ஏறித் தன் கல்லைத் தேடினார். அதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை அவருக்கு. இந்த அமளியில் சித்தரும் செல்வமணியும் வாய்க்கால் கரையோடு நடையைக் கட்டினார்கள். குடையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அது மதலேனாளின் பூக்கூடைக்கு நிழல்.

ஜேசிபிக்காரர் மறுபடி தலையை நீட்டினார். "அப்ப நா கெளம்பவா?"

"இருப்பா," என்றாள் இருளம்மாள். புருஷனைக் கேட்கவில்லை. "வந்தது வந்துட்ட. கெணத்து மேட்டுல கெடக்குற மண்ண ஒதுக்கிக் குடுத்துட்டுப் போ. மழைக்கு உள்ள சரிஞ்சிரப் போகுது."

சுருளியாண்டி தொண்டையைக் கனைத்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு, மதினி."

"எப்ப கொழுந்தனாரே? வழுக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அன்று மோட்டார் முறை அவர்களுடையது. இருளம்மாள் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் பந்தலுக்குள் ஓடியது.

எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்னாசி போன வாரம் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: சுருளிப்பட்டிப் பக்கம் ஒருவர் வந்திருக்கிறாராம், உள்ளங்கையில் தேங்காயை நிற்கவைத்து நம் தலையெழுத்தைச் சொல்கிறாராம். போய்வரட்டும். ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அடுத்தவன் கையில் நுரைப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முன், வீட்டுக்குப் போய் அண்டாவில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். அண்டாவையும் கும்பிடத் தயாரென்றால், தாராளமாக நம்புங்கள்.